மரகதம் ஏறிய வீட்டு வண்டி

கரூரில் எங்கள் பஸ் கட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான். "ஏனுங் பெரியப்பா, அமெரிக்காவுல பஸ்ஸுக்குள்ளயே வீடு இருக்குமாமா? நெசமாலுமா?"

நிஜம்தான், பிள்ளைகளே. அடுப்பு, கட்டில், ஃப்ரிட்ஜ், குளிக்கிற இடம், கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள் இருக்கும். ஆர்வி என்று சொல்வார்கள். அப்படி ஒரு வண்டியை இலை உதிரும் காலம், பனி கொட்டும் காலம், பூ பூக்கும் காலம் என்று எட்டு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு பஸ்ஸுக்குத் தகரம் அடிக்கப் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் காட்டிக்கொடுக்காதீர்கள்.

நானும் என் மனைவி மரகதமும் அங்கே போனது எங்கள் மகள் கவிதாவின் பிரசவத்துக்காக. 1999ஆம் வருஷம், அக்டோபர் மாதம். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊர். மாப்பிள்ளை செந்திலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் மரகதத்திடம், "அத்தை, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீடு எப்போது வரும் என்பதிலேயே மரகதத்தின் கவனம் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். மரகதத்துக்குச் சர்க்கரை வியாதி. முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போகவேண்டும். நம் ஊர் பஸ்ஸில் ஆம்பிளைகள் இறங்கி ரோட்டோரம் நின்றுவிடுவோம். பொம்பிளைகள் என்ன செய்வார்கள்? பதினோரு வருஷமாக அவள் கரூரைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. கூடப்பிறந்த தங்கச்சி மகள் கல்யாணம் மதுரையில் நடந்தது. அதற்கும் போகவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு ஊட்டுல வேலை கெடக்குது" என்பாள். விமானத்தில் கழிப்பறை இருக்கிறது என்று கவிதா சத்தியம் செய்த பிறகுதான் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்தே போட்டாள்.

வீட்டு வாசலில் அந்தச் சர்ப்ரைஸ் நின்றது. பழைய ஆர்வி. மாப்பிள்ளையுடன் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ரிட்டயர் ஆகிப் போகும்போது கொடுத்தது. "குழந்தை பிறந்து செட்டில் ஆனதும் நயாகரா போறோம் அத்தை. நிறுத்தவே வேண்டாம். உள்ளேயே பாத்ரூம் இருக்கு" என்றார்.

மரகதம் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக உள்ளே ஏறி, ஒற்றைக் கதவைத் திறந்து பார்த்தாள். கையளவு வாஷ்பேசின், பக்கத்தில் சின்னக் கழிப்பறை. காலால் ஒரு கட்டையை மிதித்தால் தண்ணீர் வருகிறது. இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, முப்பது வருசமா பஸ்ஸு கட்டறீங்களே. ஒரு பஸ்ஸுலயாச்சும் இப்படி ஒண்ணு வெக்கோணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

நானும் அந்தக் கட்டையை ஒருதரம் மிதித்துப் பார்த்தேன்.

ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை. நவம்பரில் பிரசவம். மாப்பிள்ளைக்கு டிசம்பர் முழுக்க லீவே கிடையாது, இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று அப்போது உலகமே பயந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் பனி. ஆக மே மாதம்தான் போகமுடியும் என்று ஆயிற்று. எங்களுக்கு ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை எழுதிப் போட்டு ஜூன் வரை நீட்டித்தார். அதுவரை வண்டியை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கரூர்க்காரனுக்கு வண்டி தெரியாதா என்கிற நினைப்பு எனக்கு.

முதலில் ஆயுத பூஜை போட்டேன். வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். மாப்பிள்ளையின் ஸ்பானர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்து, மேலே பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் தாராளமாகத் தூவி மூடினேன். எடிசன் என்கிற பக்கத்து ஊரின் இந்தியக் கடையில் பொரி மூட்டையாகவே கிடைத்தது. வெள்ளைப் பூசணி மட்டும் கிடைக்கவில்லை. அந்த மாதம் வருகிற பேய்ப் பண்டிகைக்காக அங்கே எல்லா வீட்டு வாசலிலும் மஞ்சள் பூசணி வைத்திருப்பார்கள், நம் ஊர் அரசாணிக்காய்தான். அதில் ஒன்றை வாங்கி, சுற்றி, ரோட்டில் போட்டு உடைத்தேன்.

அரைமணியில் எதிர்வீட்டு அம்மா கையில் ஒரு புதுப் பூசணியோடு வந்து நின்றார். "யாரோ போக்கிரிகள் உங்கள் பூசணியை உடைத்துவிட்டார்கள். குழந்தை பிறக்கப்போகிற வீடு, மனசைத் தளரவிடாதீர்கள்" என்றார். கவிதா சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உடைத்தவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. "தேங்க் யூ" என்று வாங்கிக்கொண்டேன். மறுநாள் வீட்டில் அரசாணிக்காய்ப் பொரியல்.

அந்தக் குடியிருப்பில் பெரிய வண்டியை நிறுத்தக் கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆகவே ஊருக்கு வெளியே வண்டிகள் நிறுத்துகிற ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோனோம். அதைப் பார்த்துக்கொள்பவர் ஃப்ராங்க். என் வயசுதான் இருக்கும், என்னைப்போல் இரண்டு ஆள் அகலம். வண்டிக்குள் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா? ஒரு பிஸ்கட் துண்டு இருந்தாலும் எலி வரும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மாமா, எல்லாம் கிளியர் பண்ணிட்டோம்ல?"

"அரிசி, பருப்பு, சக்கரை, டீத்தூள் அத்தனையும் எறக்கியாச்சுங் மாப்பிள்ளை" என்றேன். அடித்துச் சொன்னேன்.

அப்புறம் ஃப்ராங்க் ஒரு பாடமே நடத்தினார். தண்ணீர் உறைந்தால் பெருக்கும். குழாய்க்குள் தண்ணீர் நின்று அது உறைந்தால் குழாய் வெடித்துவிடும். நம் ஊரில் வண்டி வெயிலில் வெடிக்கும், மழையில் துருப்பிடிக்கும். குளிரில் சாகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே தொட்டித் தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டு, வெந்நீர் போடும் தொட்டியையும் வடித்துவிட்டு, உறையாத ஒரு மருந்தைக் குழாய்க்குள் ஏற்றவேண்டும். அது இளஞ்சிவப்பு நிறம். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, அந்த நிறம் வரும்வரை காத்திருந்து மூடவேண்டும். கடைசியில் கழிப்பறையிலும் காலால் மிதித்து அதே நிறம் வரச்செய்தோம்.

மரகதம் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ரோஸ்மில்க்கைக் கொண்டுபோயி எங்க ஊத்தறீங்க பாருங்க" என்றாள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஃப்ரிட்ஜ் கதவு மூடாமலிருக்கத் துணி சொருகினோம். டயர்கள் நேராகத் தரையில் படாமல் பலகை மேல் ஏற்றினோம். ஸ்பானர் பெட்டியை எப்போதும் வைக்கும் இடத்தில், கழிப்பறையை ஒட்டிய அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன்.

நவம்பரில் பேத்தி பிறந்தாள். இரண்டாயிரமும் பிறந்தது, கம்ப்யூட்டர் எதுவும் நிற்கவில்லை. பனிக்காலத்தில் மாதம் ஒருமுறை மாப்பிள்ளை என்னை அந்த மைதானத்தில் இறக்கிவிடுவார். பேட்டரியை மாட்டி, இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டு, கூரை மேல் கிடக்கிற பனியை நீளத் துடைப்பத்தால் தள்ளிவிடுவேன். கம்பளிக் குல்லாய்க்கு மேல் மரகதம் மப்ளர் வேறு கட்டி அனுப்புவாள். ஃப்ராங்க் என்னைப் பார்த்து, "பாலி, வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பிவிட்டாயா?" என்பார். பழனிச்சாமி என்று அவர் வாயில் நுழையவில்லை.

ஒருநாள் நான் வண்டியின் பக்கச் சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். கூரையில் ஒழுக்கு இருந்தால் உள்ளே மரம் ஊறிச் சத்தம் மாறும், அது கைக்குத் தெரியும். பின்பக்க மூலையில் ஓர் இடத்தைக் காட்டினேன். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். மேலே பசை விட்டு, விரல் போகிற அளவு வெடிப்பு. அன்றே இருவரும் அதை அடைத்தோம். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் வண்டியைத் தட்டிப் பார்க்கச் சொல்லி ஃப்ராங்க் கூட்டிவருவார். சொன்னதற்குப் பதிலாக அவரவர் வீட்டுக் கேக், பிஸ்கட் கிடைக்கும். அவற்றை நான் வண்டிக்குள் கொண்டுபோகவே மாட்டேன், வெளியிலேயே நின்று தின்றுவிட்டுக் கையை உதறுவேன். அத்தனை சுத்தம்.

மே மாதம் வந்தது. ஊரெல்லாம் மரங்கள் பூத்துக் கிடந்தன. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது. சனிக்கிழமை கிளம்பவேண்டும், அது முடிந்து இரண்டு வாரத்தில் எங்களுக்கு ஊர் திரும்ப விமானம். முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மைதானத்துக்குப் போனோம். மருந்தைக் கழுவிவிட, தண்ணீர்க் குழாயை மாட்டித் திறந்தோம்.

கழிப்பறைக்கு அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது. நடைபாதை நனைந்து, படி வழியாக வெளியே கொட்டியது. மாப்பிள்ளை ஓடிப்போய்க் குழாயை மூடினார். அலமாரியைத் திறந்தால் சுவருக்குள் அடைத்திருந்த மஞ்சள் பஞ்சைக் கிழித்து உருட்டிய ஒரு கூடு. எலிக்கூடு. கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாயை மூன்று இடத்தில் கடித்திருந்தது. பம்ப்பின் ஒயரும் போச்சு.

"எப்படி மாமா? ஒரு பருக்கைகூட இல்லாம கிளியர் பண்ணினோமே?"

நான் ஸ்பானர் பெட்டியை வெளியே இழுத்தேன். பிளாஸ்டிக் மூடியின் ஒரு மூலையில் எலி நுழைகிற அளவு ஓட்டை. திறந்தேன். ஸ்பானர்கள் எல்லாம் குங்குமப் பொட்டோடு வரிசையாக இருந்தன. பொரி ஒன்றுகூட இல்லை.

எங்கள் பட்டறையில் பூஜைப் பொரி தீபாவளி வரைக்கும் ஸ்பானர்களோடு கிடக்கும், யாரும் அதை நினைப்பதில்லை. சாப்பாடு எடுத்தாச்சா என்று ஃப்ராங்க் கேட்டபோது எனக்குப் பொரி ஞாபகத்துக்கே வரவில்லை. அது சாமிக்கு வைத்தது. சாப்பாடு என்று எப்படித் தோன்றும்?

மாப்பிள்ளை வண்டி ரிப்பேர் கடைகளுக்குப் போன் செய்தார். சீசன் ஆரம்பம், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். "கார்லயே போயிடலாம் அத்தை, வழியில ஒவ்வொரு ரெஸ்ட் ஏரியாவிலயும் நிறுத்தறேன்" என்றார்.

"ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எத்தனை தூரம்?"

"ஒரு நாப்பது, அம்பது மைல் இருக்கும்..."

மரகதம் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை. நான் கொழந்தையப் பாத்துக்கறேன். போட்டோல பாத்தா ஆச்சு." பதினோரு வருஷமாகச் சொல்கிற அதே குரல்.

"மரகதம், தப்பு என்னுது" என்றேன். பொரி விஷயத்தைச் சொன்னேன்.

"எலிக்கு ஆயுத பூஜை போட்ட மொத ஆளு நீங்கதானுங்க" என்றாள். கவிதா குழந்தையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மரகதமும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே ஃப்ராங்க்கிடம் போய் நின்றேன். நடந்ததை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். ஃப்ராங்க் கதையைக் கேட்டுத் தொப்பி கீழே விழும்படி சிரித்துவிட்டு, "குழாய் என்னிடம் இருக்கிறது. வேலையை யார் செய்வது? அந்தக் கழிப்பறைக்குள் என் ஒரு கால்தான் போகும்" என்றார்.

நான் போனேன். நாலு நாள். மல்லாக்கப் படுத்து, கழிப்பறைக்கும் சுவருக்கும் நடுவில் தோளைத் திணித்துக்கொண்டு வேலை செய்தேன். அந்த வண்டியைக் கட்டிய மகராசன் குழாய் மேல் பலகையை அடித்து, அதன் மேல் கழிப்பறையையும் வைத்துவிட்டான். பழுது வந்தால் கை போக வழியே இல்லை. ரிவெட் அடித்த இடத்தையெல்லாம் துளைத்து எடுத்து, பலகையை அறுத்து, கடிபட்ட குழாயை வெட்டிவிட்டுப் புதுக் குழாயை இணைத்து, பம்ப்பின் ஒயரையும் மாற்றினோம். ஃப்ராங்க் வெளியே உட்கார்ந்துகொண்டு கேட்ட சாமானைக் கேட்ட நிமிஷம் நீட்டுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஸ்பானர் சைஸ் ரெண்டு பேருக்கும் கண்ணிலேயே தெரியும். மதியம் மரகதம் கொடுத்தனுப்பிய தக்காளிச் சோற்றை அவருக்கும் கொடுத்தேன். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றார்.

அறுத்த பலகையை மறுபடி மூட எனக்கு மனசு வரவில்லை. ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி, கீல் வைத்து, சின்னக் கதவாக மாட்டினேன். இனி மாதம் ஒருதரம் திறந்து பார்த்துவிடலாம். கூட்டுக்கு வழியாக இருந்த சந்திலெல்லாம் இரும்புக் கம்பிப் பஞ்சை அடைத்தேன். அதை எலி கடிக்காது. ஸ்பானர் பெட்டியைக் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீரைத் திறந்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஃப்ராங்க் என் முதுகில் அடித்த அடியில் எனக்கு இருமல் வந்தது.

ஆனால் மரகதம் நம்பவில்லை. "நின்ன வண்டில எல்லாந்தான் வேலை செய்யும். ஓடற வண்டில பாக்கோணும்" என்றாள். ஆகவே மாப்பிள்ளை வண்டியை எடுத்து அந்த மைதானத்தைச் சுற்றினார். மரகதம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். முதல் சுற்று சத்தமில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு பள்ளம் வர, உள்ளேயிருந்து, "ஏனுங் மாப்பிள்ளை, மெதுவா!" என்று ஒரு குரல். மூன்றாம் சுற்றில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "செரி, சனிக்கெழம எத்தனை மணிக்குக் கெளம்பறது?" என்றாள்.

சனிக்கிழமை விடியக் கிளம்பினோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, இட்லி, மிளகாய்ப்பொடி எல்லாம் டப்பாவில், டப்பா பெட்டியில், பெட்டி பூட்டில். பென்சில்வேனியா மலைப்பாதையில் வண்டி யானை மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பின்னால் பத்து கார் வரிசை கட்டி வந்தது. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மரகதம் எழுந்தாள். நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தோம். போனாள், வந்தாள், உட்கார்ந்தாள். "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அது எனக்குச் சொன்னதுதான்.

மதியம் ஒரு காட்டோர நிறுத்தத்தில் உப்புமாவுக்குத் தாளித்தாள். கடுகு வெடித்ததும் கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. குழந்தை அழ, கவிதா துண்டை எடுத்து வீச, பக்கத்து வண்டியிலிருந்து ஒரு கிழவரும் அவர் மனைவியும் தீயணைக்கும் உருளையோடு ஓடிவந்தார்கள். தீ இல்லை, உப்புமா என்று தெரிந்ததும் அந்த அம்மா வாசலிலேயே நின்று மோந்து பார்த்து, "தீயைவிட இது நன்றாக இருக்கிறது" என்றார். இரண்டு தட்டு அவர்களுக்கும் போயிற்று. அவர்கள் வருஷம் முழுக்க அந்த வண்டியிலேயே வாழ்கிறவர்களாம். குளிருக்கு டெக்ஸாஸ், வெயிலுக்கு வடக்கு. மரகதம் அதைக் கவிதாவை விட்டு இரண்டு தரம் கேட்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

ராத்திரி முகாமில் தங்கி, ஞாயிறு காலையில் நயாகரா. அருவியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, உங்கள் புத்தகத்திலேயே படம் இருக்கும். நான் மரகதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புடவையெல்லாம் சாரல் அடித்து நனைய, ஒரு மணி நேரம் நின்றாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை. எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. நிறுத்தத்தில் நம் வண்டி நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வண்டிக்கு வந்ததும் மாப்பிள்ளை மேப்பை மடித்தார். "அப்போ வீட்டுக்குக் கிளம்பலாமா அத்தை? நாளைக்கு ரெஸ்ட் எடுக்கலாம்."

மரகதம் தலையைத் துவட்டிக்கொண்டே, "அருவிக்கு அந்தப் பக்கம் என்ன ஊரு மாப்பிள்ளை?" என்றாள்.

"அது கனடா அத்தை. உங்களுக்கு விசா இல்லை."

"செரி. இந்தப் பக்கம்?"

மாப்பிள்ளை மடித்த மேப்பை மறுபடி பிரித்தார். "இந்தப் பக்கம்... ஒரு மணி நேரத்துல பெரிய ஏரி ஒண்ணு இருக்கு. அக்கரையே தெரியாது, கடல் மாதிரி இருக்கும்."

"அதுக்கு அப்பறம்?"

"அதுக்கு அப்புறம் நிறைய ஊர் இருக்கு அத்தை. போய்க்கிட்டே இருக்கலாம்."

மரகதம் துண்டைக் காயப்போட்டுவிட்டு முன்சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டினாள்.

"அப்பறம் என்னத்துக்கு நிக்கறீங்க? எடுங்க வண்டிய."